கனடா பெல்லட் கிரில் இங்க சரிவருமோ? அண்ணா அனுப்புறன் எண்டுறார், எனக்குக் குழப்பம்

கொக்குவில் பொடியன்:

வணக்கம், கொஞ்சம் நீளமா எழுதப்போறன், குறை நினைக்காதேங்கோ. அண்ணா ஸ்காபரோவில இருக்கிறார், அவை வீட்டை வித்துப்போட்டு கொண்டோ எண்டுற அடுக்குமாடி வீடு ஒண்டுக்குப் போகினம், அங்க பல்கனியில நெருப்பு மூட்ட விடமாட்டினமாம். அதால தன்ரை பெல்லட் கிரில்லை அடுத்தமுறை சாமான் பெட்டி அனுப்பேக்க அதோட சேர்த்து அனுப்பட்டோ எண்டு கேக்கிறார். எனக்கு வாய் ஊறுது, ஆனா தலையும் சுத்துது.

நான் 2019ல அங்க போய் நிண்டனான். ஒரு சனிக்கிழமை இரவு பன்றியின்ரை தோள்ப்பக்கத் துண்டு ஒண்டு, நாலு கிலோ வரும், உப்பு மிளகு கொஞ்சம் மிளகாய்த்தூள் பிரட்டி உள்ளுக்கு வைச்சார், 107 டிகிரி எண்டு நம்பரைத் திருப்பினார், போய்ப் படுத்திட்டார். நான்தான் நித்திரை வராமல் ரெண்டுதரம் எழும்பி ஜன்னலால பாத்தனான். அது தன்ரை பாட்டில புகைஞ்சுகொண்டு நிக்குது, ஒருத்தரும் விறகு தள்ளவும் இல்லை ஊதவும் இல்லை. அடுத்தநாள் மத்தியானம் திரும்பி ரெண்டு மணிபோல அந்த எலும்பைப் பிடிச்சு இழுக்க வெறுங்கையோட கழண்டு வந்தது. அண்டைக்குப் பிடிச்ச ஆசை, இன்னும் விடேல்லை.

உதைக் கேள்விப்படாத ஆக்களுக்குச் சொல்லுறன், மரத்தூளை அமத்தி பென்சில் மொத்தத்தில சின்னச் சின்னக் குச்சியா செய்து பையில விக்கினம், அதுதான் பெல்லட். பக்கத்தில ஒரு பெட்டி இருக்கு, அதுக்குள்ள கொட்டிவிட்டா அடியில ஒரு திருகுக் கம்பி மோட்டர்ல சுத்திச் சுத்தி குச்சியைக் கொஞ்சம் கொஞ்சமா ஒரு சின்னச் சட்டிக்குள்ள தள்ளும், அங்க ஒரு ஹீற்றர் கம்பி பத்தவைக்கும், ஃபான் ஊதும். சூடு குறைஞ்சா கூடத் தள்ளும், கூடினா நிப்பாட்டும். அவ்வளவுதான்.

இப்ப கேள்வி என்னெண்டா, அண்ணாவின்ரை பழசை எடுக்கிறதோ, இல்லாட்டி புதுசா ஒண்டு வாங்குறதோ, வாங்கினா எதைப் பாத்து வாங்குறது. வீட்டில ஆறு பேர், மாசத்தில ரெண்டுதரம் போடுவம், கூடுதலா ஆடு, கோழி, எப்பவாவது பன்றி. என்ரை கையில ரெண்டு லட்சம் மட்டும்தான் இருக்கு. அம்மா ஏற்கனவே சட்டம் போட்டிட்டா, வெள்ளிக்கிழமை இல்லை, நல்லூர்த் திருவிழா 25 நாளும் அந்தப் பக்கமே போகக்கூடாது, கந்தசஷ்டிக்கும் மூச்சு. மிச்ச நாளில எண்டாலும் ஒழுங்கா வேலை செய்யிற மாதிரி ஒண்டு வேணும்.

சுன்னாகம் வயர்மன்:

தம்பி, முதல்லை அண்ணாவை அந்த மெசினுக்குப் பின்னாலை ஒட்டியிருக்கிற தகட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லும். அதைப் பாக்காமல் கப்பல்லை ஏத்தவேண்டாம். கனடா கரண்ட் 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ், எங்கடை 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ். நேரே குத்தினீரோ அந்த ஹீற்றர் கம்பி மூண்டரை மடங்குக்கு மேலை சூடாகும், வோல்ட் ரெண்டு மடங்காகக் கிட்டக் கூடினா பவர் அதின்ரை வர்க்கத்துக்குக் கூடும், பள்ளிக்கூடத்திலை படிச்சிருப்பீர். கொன்ட்ரோலர் போர்ட் அதுக்கு முதலே போய்ச் சேர்ந்திடும்.

உடனை எல்லாரும் சொல்லுவினம் டிரான்ஸ்போமர் ஒண்டு போட்டாச் சரி எண்டு. அரைவாசிதான் சரி. டிரான்ஸ்போமர் வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாத்தாது. பழைய மொடல் கனக்கிலை அந்தத் திருகுக் கம்பியைச் சுத்துறது ஏசி மோட்டர், அது ஹெர்ட்ஸைப் பாத்துத்தான் ஓடும். 60க்குச் செய்ததை 50லை ஓட்டினா ஆறு சுத்துற நேரத்திலை அஞ்சுதான் சுத்தும். அப்ப பெல்லட்டும் அவ்வளவு குறைய விழும், ஃபானும் மெள்ள ஓடும், மோட்டர் சும்மாவே கூடச் சூடாகும். கொஞ்சநாள் ஓடும்தான், நான் ஓடாது எண்டு சொல்லேல்லை, ஆனா நம்பர் 120 எண்டு காட்ட உள்ளுக்கை வேறை கதை நடக்கும்.

புது மொடல்களிலை டிசி மோட்டர் வருது, உந்தக் கிரில் செய்யிற ட்ரேகர் கம்பனிக்காரர் டி2 எண்டு சொல்லுற வகை அப்பிடித்தான். அதுக்கு ஹெர்ட்ஸ் பிரச்சினை இல்லை, டிரான்ஸ்போமரோடை ஓட்டலாம். பத்தவைக்கிற அந்த அஞ்சு பத்து நிமிசம் 300 வாட்ஸ் மட்டிலை இழுக்கும், பேந்து ஃபானும் மோட்டரும்தானே, 50 வாட்ஸுக்கு அங்காலை இங்காலை. 500 வாட்ஸ் டிரான்ஸ்போமர் காணும், ஆனா நல்ல சாமானா வாங்கும், பாரமாயிருக்கோணும், தூக்கேக்கை லேசா இருந்தா விட்டிட்டு வாரும்.

கரண்ட் நிண்டா என்ன செய்வீர் எண்டும் யோசியும். 2022 பங்குனிக் கடைசியிலை ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினவங்கள் மறந்திருக்கமாட்டீர், 2025 மாசி 9ந் திகதி முழு இலங்கையும் இருண்டது. உந்த மெசின் கரண்ட் இல்லாட்டி வெறும் தகரப்பெட்டி. 50 வாட்ஸ்தானே, 12 வோல்ட் 100 ஏஎச் பற்றரியோடை சைன்வேவ் இன்வேற்றர் ஒண்டு இருந்தா அரைவாசிப் பற்றரியிலையே பத்து மணித்தியாலம் ஓடும். மலிவு இன்வேற்றர் வேண்டாம், அதிலை மோட்டர் அழும்.

இன்னொண்டு, கரண்ட் இடையிலை நிண்டு திரும்பி வந்தா உடனை ஸ்ராட் பண்ணவேண்டாம். சட்டிக்குள்ளை எரியாத பெல்லட் குவிஞ்சிருக்கும், அதுக்கு மேலை இன்னும் கொட்டிப் பத்தவைச்சா முதல்லை வெள்ளைப் புகை புகையாப் போகும், பேந்து ஒரேயடியா மூடியைத் தூக்குற மாதிரி பக் எண்டு பிடிக்கும். இறைச்சியை எடுத்து வைச்சிட்டு, ஆறினாப் பிறகு சட்டியைத் துப்பரவாக்கிப்போட்டு மூடியைத் திறந்து வைச்சுக்கொண்டு மூட்டும்.

ஹரோ அக்கா:

தம்பி, வயர்மன் அண்ணை சொன்னதோட ஒண்டு சேர்க்கிறன், ஏன் எல்லாரும் கனடாவையே பாக்கிறியள்? லண்டன் கரண்ட்டும் இலங்கைக் கரண்ட்டும் ஒண்டுதான், 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ், பிளக்கும் அதே சதுரக் கால் மூண்டு வைச்ச பிளக். ட்ரேகர், வெபர் ரெண்டு கம்பனியும் இங்க விக்கிறது அந்தக் கரண்ட்டுக்குச் செய்ததுதான். உங்கட சொந்தத்தில லண்டன்ல ஒருத்தர் இல்லாமல் இருக்கமாட்டினம், இல்லாத யாழ்ப்பாணத்து வீடு ஒண்டு இருக்கோ!

நான் ஆறு வருசமா வைச்சிருக்கிறன், சமருக்குக் கிழமைக்கு ஒருக்கா ஓடும், ஸ்னோவுக்கையும் ஓட்டினனான். என்னத்தைப் பாத்து வாங்குறது எண்டு கேட்டீங்கள். விளம்பரத்தில ஆப், வைஃபை, கலர் லைற் எண்டு காட்டுவினம், அதைப் பேந்து பாருங்கோ, முதல்ல கொன்ட்ரோலர் பிஐடி வகையோ எண்டு பாருங்கோ. பழைய வகை இவ்வளவு செக்கன் தள்ளு இவ்வளவு செக்கன் நில்லு எண்டு கண்ணை மூடிக்கொண்டு தள்ளும், நீங்கள் 110 வைச்சா அது 95க்கும் 125க்கும் ஊஞ்சல் ஆடும். பிஐடி சூட்டை அளந்து அளந்து தள்ளுறது, அஞ்சு டிகிரிக்குள்ள நிக்கும். இதில ஒரு பகிடி என்னெண்டா, அந்த ஊஞ்சல் ஆடுற பழசுதான் கூடப் புகை விடும், பெல்லட் அரைகுறையா எரியேக்கதானே புகை வரும். ஒழுங்கா எரிஞ்சா புகை குறைவு. கனபேர் வாங்கிப்போட்டு புகை வாசம் காணாது எண்டு குறை சொல்லுறது உதுதான். நான் முதல் ரெண்டு மணித்தியாலம் 85, 90ல வைச்சிட்டுத்தான் பேந்து கூட்டுறனான். இறைச்சி குளிரா, மேல் ஈரமா இருக்கேக்கதான் புகை வடிவாப் பிடிக்கும், அதால பிரிட்ஜில இருந்து எடுத்த கையோட நேரே வைக்கலாம், வெளியில வைச்சுக் குளிர் போகவிடத் தேவையில்லை.

அடுத்தது பெல்லட் பெட்டியில கீழால திறந்து கொட்டுற கதவு இருக்கோ எண்டு பாருங்கோ. உங்கட ஊர் ஈரத்துக்கு அது கட்டாயம், சமையல் முடிய மிச்சப் பெல்லட்டை வெளியில எடுக்கோணும். கதவு இல்லாட்டி கோப்பையால அள்ளிக்கொண்டு நிப்பீங்கள். பிறகு தகட்டு மொத்தம், மூடியைத் தட்டிப்பாத்தா ரின் சத்தம் வரக்கூடாது. நெய் வடியிற வழி எங்க போகுது, சாம்பலை எடுக்க எத்தினை சாமான் கழட்டோணும், அதையும் கடையில நிக்கேக்கயே கழட்டிப் பாருங்கோ, வெக்கப்படாதேங்கோ. நாலஞ்சு தரத்துக்கு ஒருக்கா சாம்பல் உறிஞ்சாட்டி சட்டி நிரம்பி ஹீற்றர் கம்பி மூடுப்பட்டு, மூட்டினா மூட்டினபடி நிக்கும்.

அளவு எண்டா ட்ரேகர்ல ப்ரோ 575 எண்டு ஒண்டு இருக்கு, அந்த நம்பர் தட்டின்ரை சதுர அங்குலம், ஆறு பேருக்கு அது தாராளம். பெட்டிக்குள்ள எட்டு கிலோ பெல்லட் பிடிக்கும். பெரிசா வாங்கினா பெரிய வயிறு, கூடத் தின்னும்.

ஆனா தம்பி இதெல்லாம் சொல்லிப்போட்டு உண்மையைச் சொல்லுறன், மெசின் உங்கட பிரச்சினை இல்லை. பெல்லட்தான். 110, 120ல ஓட்டினா மணித்தியாலத்துக்கு அரைக் கிலோவில இருந்து ஒரு கிலோ மட்டும் போகும், உங்கட வெக்கைக்குக் கொஞ்சம் குறையும். அண்ணா செய்த மாதிரி ராத்திரி முழுக்க ஓட்டினா பத்துக் கிலோப் பை ஒண்டு முடியும். மாசம் ரெண்டுதரம் எண்டா வருசத்துக்கு எத்தினை பை எண்டு நீங்களே பெருக்கிப் பாருங்கோ, அதை ஆர் கப்பல்ல அனுப்புறது? கொழும்பில விறகுப் பெல்லட் கிடைக்குது, பொய்லருக்குப் போடுறது, அதை வாங்கலாமே எண்டு ஆரும் சொன்னா கேக்காதேங்கோ. என்ன மரம், என்ன பசை, பலகையில பெயின்ற் இருந்ததோ ஒண்டும் தெரியாது. சாப்பாட்டுக்கு விக்கிற பெல்லட்டில வேற பசை இல்லை, மரத்தில இருக்கிற லிக்னின் சூட்டில இளகித்தான் ஒட்டுப்படுது.

பரல்காரன் சாவகச்சேரி:

அக்கா கடைசியாச் சொன்னதை முதல்லை சொல்லியிருந்தா நேரம் மிச்சம். அரைச்ச மரத்தைக் காசு குடுத்து வாங்கி எரிக்கிற வேலை சீமையிலை இருக்கிற ஆக்களுக்குச் சரி, முத்தம் முழுக்க விறகு கிடக்கிற எங்களுக்கு என்னத்துக்கு? இந்தச் சாமான் பிறந்த கதையே அதுதான், அமெரிக்காவிலை எண்ணெய் விலை ஏற, வீடு சூடாக்க மரத்தூள்க் குச்சி அடுப்பு வந்தது, அதைப் பாத்து ஒரிகன்லை ஜோ ட்ரேகர் எண்டவர் இறைச்சி அடுப்பாக்கி 1986லை காப்புரிமை எடுத்தார், அது 2006லை முடிய மற்றக் கம்பனிக்காரர் எல்லாம் பாஞ்சு விழுந்தவை. அங்கை குளிர் இருக்கு, மரத்தூள் ஆலை இருக்கு. இங்கை என்ன இருக்கு? சிரட்டை.

நான் 45 கலன் பரல், அதுதான் இரும்புப் பீப்பா, ஒண்டிலை புகை அடுப்புச் செய்து வைச்சிருக்கிறன், நாலு வருசமாப்போச்சு. சாப்பாட்டு எண்ணெய் வந்த பரலாப் பாத்து வாங்கோணும், மருந்து, டீசல், என்ஜின் ஒயில் வந்தது கண்ணாலையும் பாக்காதேங்கோ. உள்ளுக்கை பூச்சு இருக்கும், தென்னம்பாளை மட்டை போட்டு ரெண்டுதரம் வடிவா எரிச்சு, உரஞ்சித் தேய்ச்சு, பேந்து தேங்காயெண்ணெய் பூசி மூண்டாந்தரம் சூடாக்கினனான். அடியிலை முக்கால் அங்குலத்திலை நாலு ஓட்டை, மூண்டுக்கு மூடி, ஒண்டுக்குத் தண்ணிக் குழாய் வால்வு. கரிக்கூடையிலை இருந்து கம்பித்தட்டு ரெண்டடி மேலை. கல்வனைஸ் கம்பி, கல்வனைஸ் தகடு மட்டும் போடவேண்டாம், சூட்டிலை அதிலை பூசின துத்தநாகம் புகையும், அது நெஞ்சுக்குக் கூடாது. வெல்டிங் கடைக்காரரிட்டை முதலே சொல்லி வையுங்கோ, அவை கையிலை கிடக்கிறதைத்தான் ஒட்டுவினம்.

கூடை நிறையச் சிரட்டைக்கரி, நாலு கிலோ மட்டிலை, அதுக்கு நடுவிலை பத்தின கரி பத்துப் பன்ரெண்டு துண்டை மட்டும் வையுங்கோ, மேலை இருந்து மெள்ள மெள்ளக் கீழை இறங்கும். வால்வை ஒரு நூல் திறந்து விட்டா 115, 120லை ஏழெட்டு மணித்தியாலம் நிக்கும். முதல் நாலு முறை நான் குழந்தைப்பிள்ளை மாதிரி அதுக்குப் பக்கத்திலையே குந்தியிருந்தனான், சும்மா சொல்லக்கூடாது. சூடு கூடினாப் பிறகு குறைக்கிறது கஷ்டம், கூட முதலே மூடோணும், அது கைப்பழக்கம்.

வாசத்துக்கு கொய்யாக் கொப்பு, தேசிக் கொப்பு, புளி. ஆறு மாசம் எண்டாலும் காஞ்சிருக்கோணும், கைமுட்டியளவு துண்டு மூண்டு நாலு காணும். வேம்பு போட்டா கைக்கும். அலரி, எருக்கலை பக்கமே போகவேண்டாம், அலரி நஞ்சு, இறைச்சி குத்துற குச்சிக்கும் ஆகாது. வேலியிலை நிக்கிற சீமைக்கிளுவை கெதியா வளருது எண்டு ஆரும் வெட்டிப் போட்டிடாதேங்கோ, அதின்ரை லத்தீன் பேர் கிளிரிசிடியா, அதுக்கு அர்த்தமே எலியைக் கொல்லி எண்டுதான். பழைய வீட்டுத் தீராந்தி, வளையும் வேண்டாம், கறையானுக்கு என்னென்ன அடிச்சாங்களோ ஆருக்குத் தெரியும்.

மானிப்பாய் மச்சான்:

உதுக்கு இவ்வளவு கதையோ, நாலு செங்கல்லு, ஒரு கம்பித்தட்டு, பின்னேரம் ரெண்டு போத்தல் கள்ளு. முடிஞ்சுது.

பரல்காரன் சாவகச்சேரி:

மச்சான் அது சுடுறது, நாங்கள் கதைக்கிறது புகையிலை வேகவைக்கிறது. செங்கல்லிலை ஆட்டுக்காலை வைச்சு எட்டு மணித்தியாலம் இருந்து காட்டும், கள்ளு ரெண்டு போத்தல் காணாது.

கொக்குவில் பொடியன்:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வருமெண்டு நினைக்கேல்லை. அண்ணா தகட்டுப் படம் அனுப்பிட்டார், 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், 2014ல வாங்கினது, மோட்டர் ஏசியாம். வயர்மன் அண்ணை சொன்ன அதே கேஸ். பரல் அண்ணை, ஆட்டைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை, அதுதானே நாங்கள் கூடச் சாப்பிடுறது? பங்கிறைச்சி எடுத்தா எல்லாம் சின்னச் சின்னத் துண்டா எலும்போட வெட்டிக் குவிச்சுத் தருவினம், அதை எப்பிடி உதுக்குள்ள வைக்கிறது? கொழுப்பும் இல்லை, காய்ஞ்சு போகாதோ?

பரல்காரன் சாவகச்சேரி:

பங்கு போடுற ஆளிட்டை முதல்நாளே சொல்லோணும் தம்பி, பின்னங்கால் ஒண்டு முழுசா வேணும், கத்தி வைக்கவேண்டாம் எண்டு. முறைச்சுப் பாப்பினம், பரவாயில்லை. கொழுத்த கிடாயா இருந்தா நல்லம், சின்னக் குட்டி காயும். முதல்நாள் இரவு உப்பு, இடிச்ச மிளகு, உள்ளி, எங்கடை வறுத்த மிளகாய்த்தூள், கொஞ்சம் பனங்கட்டி சீவிப் போட்டுப் பிரட்டி வையுங்கோ. பனங்கட்டி கூடவேண்டாம், சூடு ஏறினா கருகிக் கைக்கும். காலமை வைச்சா மூண்டு நாலு மணித்தியாலத்திலை உள்ளுக்கை 70 மட்டும் வந்து அப்பிடியே நிண்டிடும், ஏறாது. பயந்துபோய்க் கரி அள்ளிப் போடாதேங்கோ. இறைச்சி வேர்க்குது, எங்களுக்கு வேர்த்தா உடம்பு குளிருற மாதிரித்தான், அந்தத் தண்ணி காஞ்சு முடியிற மட்டும் நிக்கும். அந்த நேரத்திலை எடுத்து, வாழையிலையை நெருப்பிலை வாட்டி ரெண்டு மூண்டு இலையாச் சுத்தி, வெளியாலை அலுமினியத் தாள் சுத்தி, உள்ளுக்கை எப்பன் தேங்காய்ப்பால் விட்டு மூடி வையுங்கோ. 93, 95 வரேக்கை எலும்பு தானாக் கழரும். இறக்கி ஒரு மணித்தியாலம் பொத்தி வைச்சிட்டுத்தான் பிரிக்கோணும், அந்த மணித்தியாலம்தான் கஷ்டம், வீடு முழுக்கக் குசினிக்கை நிக்கும்.

ஹரோ அக்கா:

தேங்காய்ப்பால் விடுறது நான் யோசிக்கவே இல்லை, இந்தச் சனிக்கிழமை செய்து பாக்கிறன். கோழிக்கு மட்டும் உந்தக் குறைஞ்ச சூடு வேண்டாம் தம்பி, தோல் றப்பர் மாதிரி வரும். முதல் அரை மணித்தியாலம் புகை பிடிக்க விட்டிட்டு 180, 190க்கு ஏத்துங்கோ, தொடையில எலும்புக்குக் கிட்ட 74க்குக் குறையக்கூடாது. குத்திப் பாக்கிற தேமோமீற்றர் ஒண்டு கட்டாயம் வாங்குங்கோ, பரலோ பெல்லட்டோ எதெண்டாலும். கண்ணால பாத்துச் சொல்லுற வேலை கறிக்குச் சரி.

குருநகர் காத்து:

கொஞ்சம் பிந்தி வாறன். ஈரத்தைப் பற்றி அக்கா ஒரு வரியில சொல்லிட்டுப் போயிட்டா, நான் பட்டதைச் சொல்லுறன். எங்கட சொந்தக்காரர் ஒருத்தர் வெளியிலை இருந்து பெல்லட் கிரில் ஒண்டு கொண்டுவந்து வைச்சவர், என்ன கம்பனி எண்டு கேக்காதேங்கோ, அது கம்பனிப் பிழை இல்லை. கார்த்திகை மாசம், அடைமழை, பெட்டிக்குள்ள அரைவாசிப் பெல்லட்டை விட்டிட்டு ரெண்டு கிழமை ஊர்ல இல்லை. வந்து மூட்டினா மோட்டர் உறுமுது, ஒண்டும் சுத்தேல்லை. பெல்லட் ஈரம் குடிச்சு ஊதி, பிட்டுமா மாதிரி உதிர்ந்து, பேந்து காஞ்சு அந்தக் குழாய்க்குள்ள சீமேந்து மாதிரி இறுகிப்போச்சு. நானும் அவரும் ரெண்டு நாள் இருந்து ஸ்குறூட்றைவரால குத்திக் குத்தி எடுத்தனாங்கள், மோட்டர்ல இருந்த ஒரு முள்ளு முறிஞ்சும் போச்சு. மழை மாசத்தில அண்டண்டைக்குத் தேவையானதை மட்டும் கொட்டுங்கோ, மிச்சத்தை இறுக்கமா மூடுற பிளாஸ்ரிக் வாளியில வையுங்கோ. நல்ல பெல்லட்டை முறிச்சா டக் எண்டு முறியும், மேல் மினுங்கும். சத்தம் இல்லாமல் உதிர்ந்தா அது குப்பை.

கடற்கரைப் பக்கம் இருக்கிற ஆக்களுக்கு இன்னொரு தலையிடி, உப்புக்காத்து. பெயின்ற் அடிச்ச தகடு ஒரு கீறல் விழுந்தாப் போதும், ரெண்டு சோளகக் காத்துக் காலத்தில ஓட்டை விழும். கொக்குவில் எண்டா அவ்வளவு பயமில்லை. உறை போட்டு மூடுறது எண்டா ஆறினாப் பிறகு மூடுங்கோ, அடியில காத்துப் போக இடம் விடுங்கோ, இல்லாட்டி உறைக்குள்ளயே வேர்க்கும். மழைக்குள்ள பத்தி ஒண்டுக்குக் கீழ வைச்சுச் சமைக்கலாம் எண்டு நினைச்சா, கிடுகு போட்ட பத்தியா எண்டு ஒருக்கா மேல பாருங்கோ. வீட்டுக்குள்ள, கராச்சுக்குள்ள எண்டா பெல்லட்டும் கூடாது பரலும் கூடாது, அந்தப் புகையில வாற காபன்மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை, ஆளை நித்திரையிலயே கொண்டுபோயிடும்.

இறைச்சியைப் பற்றியே எல்லாரும் கதைக்கிறியள், சூரை மீனை ஒருத்தரும் நினைக்கேல்லை. லீற்றர் தண்ணிக்கு 50 கிராம் உப்பு போட்டு, பெரிய துண்டா வெட்டின சூரையை ரெண்டு மணித்தியாலம் ஐசோட ஊறவைச்சு, எடுத்துத் துடைச்சு ஃபானுக்குக் கீழ வையுங்கோ, மேல் தொட்டா ஒட்டுற மாதிரி ஒரு தோல் வரும், அது வராமல் வைச்சா புகை பிடியாது. பேந்து 80ல ரெண்டு, ரெண்டரை மணித்தியாலம், உள்ளுக்கு 63 வந்தா இறக்கலாம். சூரை வெயில்ல கிடந்ததா இருந்தா மட்டும் வேண்டாம், எவ்வளவு வேகவைச்சாலும் அந்த உடம்பு கடிச்சு அரிக்கப் பண்ணுற நஞ்சு போகாது, படகால இறங்கேக்கயே ஐசுக்குள்ள இருந்ததா எண்டு கேட்டு வாங்குங்கோ. 80 டிகிரியில ஆடாமல் நிக்கிறதுக்கு, பரல் அண்ணை கோவிக்கக்கூடாது, பெல்லட் மெசின்தான் திறம்.

பரல்காரன் சாவகச்சேரி:

80லை பரல் நிக்காது, ஒத்துக்கொள்ளுறன். 80லை நிக்கிறதுக்கு நான் ஈரமான சாக்குப் போட்டுப் பாத்தனான், சாக்குத்தான் புகைஞ்சுது.

கொக்குவில் பொடியன்:

முடிவு சொல்லுறன். அண்ணாவின்ரை மெசினை அங்கயே வித்துப்போடச் சொல்லிட்டன், மனுசன் கொஞ்சம் கோவம், பத்து வருசமாப் பிள்ளை மாதிரி வைச்சிருந்தவர், நாலு தரம் போன் எடுத்து டிரான்ஸ்போமர் தான் வாங்கித் தாறன் எண்டு சொல்லிப் பாத்தார். இப்போதைக்குப் பரல்தான். எனக்கு அந்த ராத்திரி படுத்து எழும்புற சுகம் கிடைக்காது எண்டு தெரியும், ஆனா பெல்லட் பையைக் கப்பல்ல எதிர்பாத்துக்கொண்டு இருக்கிறதிலும் பாக்க இது பரவாயில்லை. பழகிப்போட்டு, ரெண்டு வருசத்துக்குப் பிறகும் ஆசை இருந்தா லண்டன் மாமாவிட்டச் சொல்லி பிஐடி, டிசி மோட்டர், கீழ கொட்டுற கதவு வைச்ச சின்ன மெசின் ஒண்டு எடுப்பம், மீனுக்கும் உதவும். அப்ப பெல்லட்டையும் தூக்கிக்கொண்டு வாற ஆளா மாமா இருக்கோணும்.

பரல் அண்ணை, வாற ஞாயிறு உங்கட பரலைப் பாக்க வரலாமோ? அந்த வால்வு எந்த உயரத்தில ஒட்டினது எண்டு எனக்கு எழுத்தில விளங்கேல்லை.

பரல்காரன் சாவகச்சேரி:

வாரும். விடிய ஏழு மணிக்கு வந்தாத்தான் மூட்டுறதைப் பாக்கலாம், பத்து மணிக்கு வந்தா நான் சும்மா குந்தியிருக்கிறதைத்தான் பாப்பீர். வரேக்கை சிரட்டைக்கரி ரெண்டு கிலோ கொண்டாரும், நாயை நாங்கள் கட்டி வைப்பம்.

மானிப்பாய் மச்சான்:

நானும் வாறன். கள்ளு என்ரை பொறுப்பு.